டைகருக்குப் போகாத மாத்திரை

நான் நாய் மாத்திரை தின்றிருக்கிறேன். தெரியாமல் இல்லை. தெரிந்தே, ஒரு வீட்டு வாசலில், ஊர்ச்சனம் வேடிக்கை பார்க்க, மென்று தின்றேன். தின்றதோடு விட்டேனா? "பாருங்க, எனக்கு ஒன்னும் ஆவல!" என்று கையை விரித்துக் காட்டினேன். அடுத்த நிமிஷம் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, காலையில் தின்ற இட்லி முழுவதையும் பூமாதேவிக்குத் திருப்பிக் கொடுத்தேன். கச்சிராயபாளையம் பக்கத்தில் இன்றைக்கும் வயசானவர்கள் யாரிடமாவது என் பெயரைச் சொல்லிப் பாருங்கள், தெரியாது. "நாய் மாத்திரை தின்ன டாக்டர்" என்றால் தெரியும். முப்பது சொச்சம் வருஷம் அரசாங்கத்துக்கு உழைத்து நான் சம்பாதித்த பட்டம் அதுதான்.

கால்நடை மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாரே! நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இந்தக் கதை சிரிப்பில் முடியாது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், கோபத்தையும் குறைக்கச் சொன்னார். உப்பைக் குறைத்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வெள்ளிமலைக்குப் போகிற ரோட்டில், மலை ஏறுவதற்குச் சற்று முன்னால், ஒரு ரோடு காண்ட்ராக்டரின் தோட்டம் இருந்தது. தோட்டத்துக்குள்ளேயே வீடு, சிமெண்ட் குடோன், ஜல்லி மெஷின், மாட்டுக் கொட்டகை. அவர் பெயர் வேண்டாம், காண்ட்ராக்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஆள் ஆறடி. மீசை தனியாக அரை அடி. ஆனால் பார்க்க அடக்கமானவர். அவர் வேட்டியை மடித்துக் கட்டி நான் பார்த்ததே இல்லை. கொதிக்கிற தார் பக்கத்தில் நின்றால்கூட வேட்டி கணுக்காலை மூடித் தரையைக் கூட்டும். நேற்று நாலு மைல் ரோடு போட்டவனெல்லாம் தொடை தெரியக் கட்டிக்கொண்டு திரிகிற காலத்தில், இவ்வளவு பெரிய மனிதருக்கு எவ்வளவு பணிவு என்று நான் மெய்சிலிர்த்திருக்கிறேன். என் அறிவு அப்போது அப்படித்தான் வேலை செய்யும்.

அவரிடம் ராணி என்று ஒரு அல்சேஷன் இருந்தது. இருமல் வந்தது, மூச்சு வாங்கியது, வயிறு ஊதியது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் சளிக்கு ஊசி போட்டார்கள். நானும் போட்டேன், மரியாதைக்கு. ராணி செத்துப் போனாள். அவர் அழுததைப் பார்த்து, என்னதான் காரணம் என்று அறுத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். இதயத்தின் வலது அறையைத் திறந்தால், வெந்த சேமியாவை அள்ளி வைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று புழுக்கள். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த அவர் சம்சாரம் அதன்பிறகு அந்த வீட்டில் பாயசமே வைக்கவில்லை.

இதயப்புழு நம் பக்கம் அபூர்வம் என்று பாடத்தில் எழுதியிருக்கும். பார்க்காத வரைக்கும் எல்லாம் அபூர்வம்தான். கொசு கடித்துப் பரவுகிற நோய். கொசுவுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? கோமுகி வாய்க்கால் தண்ணீர் நிற்கிற நெல்வயல் பக்கத்தில் மாலை நேரத்தில் போய் நில்லுங்கள். உங்களையே தூக்கிக்கொண்டு போகும்.

அடுத்து அவர் வாங்கியது ஒரு குட்டி. டைகர். "இதுக்கும் அந்தப் புழு வராம இருக்க இன்னா பண்ணணும் டாக்டரே?" என்று கேட்டார். வந்தபிறகு என்ன செய்வது என்று கேட்கிறவர்கள்தான் என் வாழ்நாள் பூராவும் வந்தார்கள். வருமுன்னே கேட்ட முதல் மனிதர் அவர். அதனால் எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம் வந்துவிட்டது. இப்போது மாதம் ஒரு மாத்திரை இருக்கிறது, முதுகில் விடுகிற சொட்டு மருந்து இருக்கிறது. அன்றைக்கு இருந்தது தினம் ஒரு மாத்திரை. ஒரு நாளும் தவறக்கூடாது. மனிதர்களுக்கு யானைக்காலுக்குக் கொடுக்கிறார்களே, அதே மருந்து.

காண்ட்ராக்டர் சம்சாரத்துக்குச் சந்தேகம். "தினமும் குடுத்தா குட்டி தாங்குமா? வெசமாச்சே." வாசலில் வேலைக்காரர்கள், ஜல்லி உடைக்கிறவர்கள், லாரிக்காரர்கள் எல்லாம் நின்றார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்குள் ஒரு ராஜபார்ட் நடிகன் எழுந்து விடுவான். மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, "யானைக்காலுக்கு மனுஷன் தின்ற அதே மாத்திரைதாம்மா இது! நாய்க்கு ஒன்னு, மனுஷனுக்கு ஒன்னு கிடையாது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வெறும் வயிற்றில் தின்னக்கூடாது என்பது முன்னமே தெரியும், இட்லி தின்ற வயிற்றிலும் மென்று தின்னக்கூடாது என்பது அன்றைக்குத் தெரிந்தது. வாந்தி எடுத்தது எனக்கு நஷ்டமில்லை. கத்தினேனே, அதுதான். அந்தக் கூட்டத்தில் ஒரு காது அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டது.

டைகருக்கு மாத்திரை கொடுக்கும் வேலை பூங்காவனத்திடம் போனது. காவல்காரன் ஏழுமலையின் பெண்சாதி. மலைமேலிருந்து பிழைக்க இறங்கி வந்தவர்கள். குடோனை ஒட்டின ஓட்டுக் கொட்டகைதான் அவர்களுக்கு வீடு. பூங்காவனம் பெரிய வீட்டு அடுப்படியில் வேலை செய்வாள். காலையில் கேழ்வரகுக் களியை உருட்டி, நடுவில் மாத்திரையைப் புதைத்து, "இந்தா, முழுங்கு" என்பாள். நாய் முழுங்கும். என்னைக் கண்டால் உறுமுகிற நாய் அவளைக் கண்டால் மல்லாந்து படுக்கும். மாத்திரைப் புட்டி அடுப்படி அலமாரியில் இருந்தது. மாதா மாதம் நான் கள்ளக்குறிச்சியில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். டைகர் வளர்ந்து கன்றுக்குட்டி மாதிரி ஆனான். நான் மார்தட்டிக்கொண்டேன்.

பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. உங்களுக்கு அது செய்தி. எங்களுக்கு அது ரோடு. சாலையோரத்துப் புளியமரமும் புங்கமரமும் குறுக்கே விழுந்து கிடந்தன. பஸ் கிடையாது, லாரி கிடையாது. துப்பாக்கிச் சத்தமும் சாவுச் செய்தியும் வந்தன. கேட்டவர்களுக்குக் கேட்க நியாயம் இருந்தது, அதைப் பேச நான் ஆளில்லை. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தைத் தாண்டின கால்நடை டாக்டர் நான். "எங்க சார் போற?" என்று மறியலில் நின்ற பையன்கள் கேட்பார்கள். "மாட்டுக்குப் பிரசவம்பா" என்றால் அவர்களே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார்கள். மாட்டுக்கு ஒரு நல்ல பேறுகாலம் பார்த்துக் கொடுக்கிறவனை எந்தப் போராட்டமும் மறித்ததில்லை.

ரோடு திறந்தது, மறுபடி அடைத்தது, மறுபடி திறந்தது. அந்த இழுபறியில்தான் ஒருநாள் பூங்காவனம் என்னிடம், "டாக்டரய்யா, மாத்திரை பத்த மாட்டேங்குது" என்றாள்.

"எப்படிப் பத்தாம போவும்? மாசம் பூராவுக்கும் குடுத்திருக்கனே?"

"பத்தலீங்க. பாதியிலயே தீந்துபூடுது."

"கீழ சிந்திருப்ப. ஒழுங்கா மூடி வெய்யி."

அவள் என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். உள்ளேயிருந்து காண்ட்ராக்டர் செருமுகிற சத்தம் கேட்டது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். நானும் காபி குடிக்கப் போய்விட்டேன். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மருந்து பத்தவில்லை என்று மருந்து கொடுக்கிறவளே வந்து சொல்கிறாள். படித்தவன் என்ன கேட்டிருக்க வேண்டும்? "எங்கே போகிறது?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் மூடியைப் பற்றிப் பேசினேன்! மூடப்பட வேண்டியது எது என்று நினைத்தால் இப்போதும் என் வாய்மேல் நானே போடலாம் போலிருக்கிறது.

அடுத்த ஆடிக்காற்றில் டைகர் இருமினான். குரங்கைத் துரத்தி ஓடியவன் பாதியில் நின்று மூச்சு வாங்கினான். எனக்கு ராணி ஞாபகம் வந்தது. பூங்காவனம் அவன் தலையைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, ரத்தம் எடுத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஒரு சொட்டு ரத்தத்தில் குட்டிப் புழுக்கள் நெளிகின்றன, திருவிழாக் கூட்டம் மாதிரி. தாய்ப்புழு இதயத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். தினம் மாத்திரை தின்ற நாய்க்கு இது வராது. அப்படியானால் தின்னவில்லை.

கோபம் தலைக்கேற மறுநாள் காலை கிளம்பினேன். அன்றைக்கு மறுபடி ஒரு மறியல் நாள். அதற்காக முதல்நாளே ஏழுமலையைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். முன்னெச்சரிக்கைக் கைதாம். அவன் நாளைக்கு மரம் வெட்டுவானோ என்று இன்றைக்கே பிடிப்பது. மனுஷனை வருமுன் பிடிக்க எவ்வளவு ஜீப், எவ்வளவு டீசல்! நோயை வருமுன் பிடிக்க ஒரு மாத்திரை கொடுங்கள் என்றால், "நாய்தானே சார், வந்தா பாத்துக்கலாம்" என்பார்கள். நான் சொல்வதை எழுதிக்கூட வைத்துக்கொள்ளுங்கள், இந்த நாட்டில் தடுப்பு என்ற சொல்லுக்கு லத்தி மட்டும்தான் கிடைத்தது.

தோட்டத்துக்குப் போனால் வாசலில் போலீஸ் ஜீப். பந்தோபஸ்துக்கு வந்த எஸ்.ஐ. பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காண்ட்ராக்டர், தரையைக் கூட்டும் வேட்டியோடு. வேலைக்காரர்கள் தூரத்தில். நான் சைக்கிளை நிறுத்தாமலே, "டைகர் ரத்தத்துல புழு இருக்கு. மாத்திரை ஒழுங்கா போகல" என்று போட்டு உடைத்தேன். ஆளைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, யார் காதில் விழுகிறது என்று பார்த்துப் பேச வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

காண்ட்ராக்டரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது.

"ஏய் பூங்காவனம்! இங்க வாடி!"

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மாசம் பூரா வர்ற மாத்திர, பாதி மாசத்துல தீந்துபோச்சு தீந்துபோச்சுன்னியே, எங்கடி போச்சு? எவங்கிட்ட வித்த?"

"நான் இன்னாத்துக்கு விக்கறேன்? தீந்துபோச்சுன்னு உங்ககிட்ட சொன்னனே. டாக்டரய்யாகிட்டயும் சொன்னனே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சொன்ன, சொன்ன. ஆனா எண்ணிக் குடுத்த மாத்திரை தானா பறந்தா போவும்?" என்று அவளைத்தான் கேட்டேன். பெரிய வீட்டு வாசலில் நிற்கும்போது நம் முதுகெலும்புக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கோபம் இருந்த பக்கம் திரும்பாமல், இடம் இருந்த பக்கம் திரும்பும்.

எஸ்.ஐ. காபி டம்ளரைக் கீழே வைத்தார். "புருஷன் உள்ள இருக்கான். பொண்டாட்டிக்குத் திருட்டா? நல்ல குடும்பம். ஐயா சொன்னீங்கன்னா ஜீப்புல ஏத்திக்கறேன். ஸ்டேஷன்ல கேட்டா எங்க போச்சுன்னு சொல்லிடுவா."

பூங்காவனம் அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டைகர் கொட்டகையிலிருந்து மெல்ல நடந்து வந்து, அவள் காலடியில் படுத்து இருமினான்.

காண்ட்ராக்டர் எஸ்.ஐ.க்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "அது அப்பறம். மொதல்ல நாயக் காப்பாத்தணும்" என்று உள்ளே போய்ப் புட்டியை எடுத்து வந்தார். "இந்தாங்க டாக்டரே. ரெண்டு ரெண்டா குடுங்க. வுட்டதுக்கும் சேத்து."

நான் புட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். அந்த ஒரு காரியத்தை அன்றைக்குச் சரியாகச் செய்தேன். "கூடாது! இப்பக் குடுத்தா டைகர் செத்துடுவான்."

"யோவ், நீதானய்யா தினம் குடுக்கச் சொன்ன?"

"புழு வராம இருக்கக் குடுக்கச் சொன்னேன். இப்ப வந்துடுச்சு. ரத்தம் பூரா குட்டிப் புழு. மாத்திரை போனா அத்தனையும் ஒரே நேரத்துல சாவும், அந்த அதிர்ச்சியில நாயும் சாவும். மொதல்ல வேற வைத்தியம். அப்பறம்தான் இது."

தம்பி, தங்கச்சிமாரே, கதையை விட்டாலும் இதை விடாதீர்கள். விட்டுப்போன தடுப்பு மருந்தை மறுபடி ஆரம்பிக்குமுன் ரத்தத்தைப் பாருங்கள். மருந்து மாறிவிட்டது, மாதம் ஒருமுறை ஆகிவிட்டது, விதி மாறவில்லை. இன்றைக்கு உங்களிடம் பத்து நிமிஷத்தில் காட்டுகிற கிட் இருக்கிறது. ஆனால் போனில் "நாலு மாசமா குடுக்கல டாக்டர்" என்றதும், "பரவால்ல, இன்னிக்கே ஆரம்பிங்க" என்று வாட்ஸப்பில் மாத்திரை பெயரை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களைக் கண்டால் புளியமரத்தை வெட்டி அவர்கள் கிளினிக் வாசலில் நானே குறுக்கே போடுவேன்.

சரி, வாசலுக்கு வருகிறேன். நான் சொன்னதைக் கேட்டு காண்ட்ராக்டர் சிரித்தார். "அட அதெல்லாம் ஒன்னும் ஆவாது டாக்டரே. பயப்படாதீங்க. மொத நாளு தல சுத்தும். வவுத்தப் பெரட்டும். சாயங்காலமா குளுரு காய்ச்சல் மாதிரி ஒடம்பு ஒதறும். ரெண்டு நாளு போனா பழகிடும்."

எனக்குப் பழக்கதோஷம். வாயில் கிண்டல் வந்துவிட்டது. "தல சுத்துதுன்னு டைகர் வந்து உங்ககிட்ட சொன்னானா?"

எஸ்.ஐ. முதலில் சிரித்தார். ஜல்லிக்காரர்கள் சிரித்தார்கள். காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை. அவர் கை, தானாகக் கீழே போய், காற்றில் லேசாக ஒதுங்கின வேட்டி ஓரத்தை இழுத்து மூடியது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். வேட்டியைப் பார்த்தேன். தார் ஊற்றுகிற இடத்திலும் மடிக்காத வேட்டி.

இந்த இடத்தில் மனசு என்ன சொல்லும் தெரியுமா? "கத்து! உடைத்துவிடு!" என்று சொல்லும். எனக்கும் சொன்னது. காலைக் காட்டுய்யா என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஒரு நோயாளியின் நோயைக் கூட்டத்தில் கூவுவது மருத்துவம் இல்லை, அவன் அயோக்கியனாக இருந்தாலும். ஒருமுறை கூட்டத்தில் கூவித்தான் இந்த வினை. "டைகர் நெஞ்சைப் பாக்கணும். நீங்க வந்து புடிங்க. வேற யாரும் வேணாம்" என்று நாயையும் அவரையும் மாட்டுக் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

"எத்தினி நாளா தின்றீங்க?"

முதலில் முறைத்தார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேட்டியை முழங்கால் வரை தூக்கினார். இடது கால் கீழே வரவர பருத்து, தோல் தடித்து, கணுக்காலே தெரியாமல் இருந்தது.

"பாண்டிச்சேரியில ஒரு டாக்டர்கிட்ட போய்க்கினு இருந்தேன். இங்க எவனுக்கும் தெரியாது. ரோட்ட அடைச்சாங்களா, போவ முடில. மருந்து நின்னுபோச்சு. நீங்கதான் அன்னிக்கு எல்லாருக்கும் கேக்கறாப்ல சொன்னீங்களே, அதே மாத்திரைன்னு."

அந்தக் காது இவருடையது. எனக்கு மறுபடியும் வாந்தி வரும் போலிருந்தது.

"ரோடு தொறந்தப்பறம் பாண்டிச்சேரி போயிருக்கலாமே?"

"வூட்டுலயே இருக்குது. எதுக்குப் போறது?"

"அது டைகருக்கு வாங்கினதுங்க!"

"அதுக்குத்தான் நோவே இல்லியே டாக்டரே. எனக்கு இருக்குது. நோவு இருக்கறவனுக்குத்தான மருந்து?"

நாற்பது வருஷமாக இந்த வாக்கியத்துக்கு நான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். தடுப்பு மருந்தின் மொத்தத் துரதிர்ஷ்டமும் அதில் இருக்கிறது. வேலை செய்கிற வரைக்கும் அது தேவையில்லாத மாதிரியே இருக்கும். அவர் நாயின்மேல் பிரியம் இல்லாதவர் அல்ல. நல்லா இருக்கிற நாயிடமிருந்து எடுத்து, நல்லா இல்லாத தன் வாயில் போட்டுக்கொண்டார். கள்ளத்தனம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அதுவரைக்கும் எனக்குப் புரிகிறது, பாவமாகக்கூட இருந்தது. "அந்த வீக்கத்துக்கு இதத் தின்னுகினே இருந்தா வத்தாதுங்க. கால சுத்தமா வெச்சிக்கணும், மனுஷ டாக்டரப் பாக்கணும். நான் மாட்டு டாக்டர்" என்று சொன்னேன்.

"ஆனா பூங்காவனம்?" என்று கேட்டேன்.

அவர் வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எஸ்.ஐ.கிட்ட நீங்களே சொல்லுங்க. அவ எடுக்கலன்னு."

"எப்படிய்யா சொல்லுவேன்? எம் பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கேன். இந்தக் காலுன்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

"அதுக்கு அவ ஜீப்புல ஏறணுமா?"

"ரெண்டு நாளு வெச்சிக்கினு வுட்டுடுவாங்க. நான் சொல்லிக்கறேன். அவளுக்கு இன்னா போவப் போவுது?"

அவளுக்கு என்ன போகப் போகிறது! மலையிலிருந்து இறங்கி வந்தவளுக்கு இருப்பதே ஒரு கொட்டகை, ஒரு புருஷன், ஒரு பேர். புருஷனை நேற்றுக் கொண்டுபோனார்கள். பேரை இன்றைக்கு. கொட்டகை நாளைக்கு. பெரிய மனிதனின் வேட்டி ஓரம் விலகாமல் இருக்க இவ்வளவும் கொடுக்க வேண்டும், அதுவும் "என்ன போகப் போகிறது" என்ற கணக்கில். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் எத்தனையோ வாசலில் இதே கணக்கைப் பார்த்தேன். மாடு செத்தால் மேய்த்தவன். கோழி செத்தால் தவிடு வைத்தவள். நாய் நோயில் விழுந்தால் களி உருட்டினவள். வாய்க்கு மிக அருகில் எந்தக் கை இருக்கிறதோ அந்தக் கைதான் குற்றவாளி. அந்தக் கைக்கு மருந்து வந்து சேருமுன் எத்தனை கை கடந்தது என்று எவனும் கேட்கமாட்டான். மருந்து வேலை செய்யவில்லை என்றால் மேலே இருந்து கீழே பாருங்களய்யா, கீழேயே நின்றுகொண்டு உறுமாதீர்கள்!

அதையெல்லாம் கொட்டகையில் அவரிடம் சொன்னேனா? இல்லை. பாதிதான் வந்தது. மீதி இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் வருகிறது. அங்கே நேரமும் இல்லை. ஜீப் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

ஓடினேன். பூங்காவனம் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றாள், ஒரு கால் படியில். அவர் ரகசியத்தை உடைக்காமல் அவளை இறக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது.

"சார், நிறுத்துங்க. தப்பு என்னுது. மாத்திரைய நான்தான் கம்மியா கொண்டாந்து குடுத்துக்கினு இருந்தேன். மாசம் பூராவுக்கும்னு சொல்லிட்டு, பாதிதான் குடுத்தேன். இந்தம்மா ஒன்னும் எடுக்கல."

எஸ்.ஐ. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இவ்ளோ நேரம் அந்தம்மாவ எதுக்கு மெரட்டினீங்க?"

"பயம் சார்" என்றேன். அதில் பொய் கலப்பு குறைவு.

பின்னால் வந்து சேர்ந்த காண்ட்ராக்டர், நன்றியோடு என்னைப் பார்ப்பார் என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன். அவர் மார்பை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்தீங்களா எஸ்.ஐ. சார்! கவர்மெண்ட் டாக்டரு லட்சணம்! எங் கொழந்த மாதிரி வளத்த நாயி!" என்றார். நான் எறிந்த கயிற்றைப் பிடித்துக் கரையேறி, அதே கயிற்றால் என்னைக் கட்டினார். அடுத்த மாதமே என்னை வெள்ளிமலைக்குத் தூக்கியடித்தார்கள். அவர் போட்ட ரோட்டில்தான் ஏறிப் போனேன். ஒவ்வொரு வளைவிலும் குழி.

டைகர் பிழைத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றலான பிறகும் நான் மலையிலிருந்து இறங்கி வந்து, அவனை ஓடவிடாமல் கட்டிப்போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கொடுத்து, தாய்ப்புழு சாகிற ஒவ்வொரு வாரமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பிறகும் சில வருஷம் இருந்தான். ஆனால் குரங்கைத் துரத்தின நாய், குரங்கைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிற நாயானது. தினம் ஒரு மாத்திரையில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

அன்றைக்கு ஜீப் போனபிறகு, கூட்டம் கலைந்தபிறகு, காண்ட்ராக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அவ வேலைக்கு வரட்டும். நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

மன்னித்துவிட்டாராம்! யார் யாரை? எனக்குக் காது கொதித்தது. ஆனாலும் பாருங்கள், அந்தச் சேதியைச் சுமந்துகொண்டு நான்தான் கொட்டகைக்குப் போனேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமிதமும் இருந்தது, மறைக்கவில்லை. அவளுக்காகப் பழியை ஏற்ற தியாகி இல்லையா நான்?

பூங்காவனம் ஒரு பழைய சேலையை விரித்து, அலுமினியச் சட்டி, ஏழுமலையின் சட்டை, ஒரு முறம் எல்லாவற்றையும் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். டைகர் நிலைப்படியில் குறுக்கே படுத்திருந்தான்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"மேல. எங்கக்கா வூட்டுக்கு. அவரு வுட்டா அங்கயே வந்துடுவாரு."

"போவ வேணாம். எல்லாம் சரியாயிடுச்சு. தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேன். இனிமே உன்ன ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. ஐயாவும் வேலைக்கு வரச் சொல்லிட்டாரு."

அவள் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். மன்னிப்பு என்ற சொல்லை நான் வாயிலேயே வைத்து விழுங்கினேன். அது அந்த மாத்திரையைவிடக் கசந்தது.

"நீ போயிட்டா டைகரை யாரும்மா பாப்பாங்க? ஒடம்பு தேறினப்பறம் மறுபடி தெனம் மாத்திர போடணும். உங்கையாலதான் வாங்குவான்."

குனிந்து நாயின் காதை ஒருமுறை தடவினாள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அவனைத் தாண்டி வாசலுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அவுரையே குடுக்கச் சொல்லுங்க, தின்னாம."